‘எழுந்திரு’ என்று சொல்லாத ஊர்!

ஒரு கப் காப்பி வாங்குங்கள். நாற்காலியில் உட்காருங்கள். காலை 9 மணிக்கு உட்கார்ந்தவர் மாலை 5 மணி வரை அங்கேயே இருக்கலாம். பத்திரிகை படிக்கலாம். கடிதம் எழுதலாம். நண்பரோடு சதுரங்கம் ஆடலாம். சும்மாவும் இருக்கலாம். ‘‘எழுந்திரு, அடுத்த ஆள் காத்திருக்கிறார்’’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்படியும் ஓர் ஊர் உண்டா?

உண்டு. அதன் பெயர் வியன்னா.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் அது. ஐரோப்பாவின் நடுவில், டான்யூப் நதியின் கரையில் இருக்கிறது. ஜனங்கள் பேசுவது ஜெர்மன் மொழி. 600 ஆண்டுகளுக்கு மேலாக ஹாப்ஸ்பர்க் என்ற அரச வம்சம் அங்கே ஆண்டது. 1918-ல் முதல் உலகப் போரில் தோற்றதும் அந்தச் சாம்ராஜ்யம் சுக்குநூறாக உடைந்தது. பெரிய தேசத்துக்காகக் கட்டிய தலைநகரம், சின்னஞ்சிறு தேசத்தின் கையில் மிஞ்சியது. 1910-ல் அந்த ஊரின் ஜனத்தொகை 20 லட்சத்துக்கு மேல். பிறகு அது குறைந்துகொண்டே போனது. மறுபடியும் 20 லட்சத்தைத் தொட 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

வியன்னாவின் அரண்மனைகளைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அங்கே சாதாரண மனிதன் எப்படிப் பொழுதைப் போக்குகிறான், அவனுடைய சந்தோஷங்கள் என்ன, அவை அவனுக்கு எப்படிக் கிடைத்தன? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஐயா, ஒரு காப்பி!

வியன்னாவில் காப்பிக் கடை என்றால், நின்றபடி குடித்துவிட்டு ஓடுகிற கடை அல்ல. உயரமான கூடம். பளிங்கு மேஜைகள். வளைத்துச் செய்த மர நாற்காலிகள். சுவர் ஓரமாக மெத்தை வைத்த பெஞ்சுகள். அன்றைய பத்திரிகைகளை நீளமான மரச் சட்டத்தில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

கறுப்புக் கோட்டு போட்ட சர்வர் வருவார். அவரை விரலைச் சொடுக்கிக் கூப்பிடக் கூடாது. ‘ஹெர் ஓபர்’ என்று அழைக்க வேண்டும். ‘தலைமைப் பரிசாரகர் ஐயா’ என்பது போன்ற மரியாதை அது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அங்கே ‘தலைமை’தான்!

‘‘ஒரு காப்பி’’ என்று சொன்னால் அவருக்குப் போதாது. என்ன காப்பி? ‘மெலாஞ்சு’ என்றால் பாலும் காப்பியும் கலந்து, மேலே நுரை ததும்பும். ‘ஐன்ஸ்பென்னர்’ என்றால் கண்ணாடித் தம்ளரில் கறுப்புக் காப்பி. அதன் தலையில் ஒரு குன்று போல, நுரைக்க அடித்த பாலேடு. அந்தப் பெயருக்கு ‘ஒற்றைக் குதிரை வண்டி’ என்று பொருள். குதிரை வண்டிக்காரர்கள் ஒரு கையில் லகானையும் மறு கையில் தம்ளரையும் பிடித்துக்கொண்டு குடித்த காப்பியாம் அது. பாலேடு மூடியிருப்பதால் குளிரிலும் சூடு ஆறாது என்கிறார்கள்.

காப்பி தனியாக வராது. ஒரு சிறிய வெள்ளித் தட்டில் வரும். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். தண்ணீர்த் தம்ளரின் மேல் ஸ்பூனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தண்ணீர் தீர்ந்தால் மறுபடியும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு ஒரு பெரிய கதை உண்டு. பிறகு வருவோம்.

மூட்டையில் இருந்தது என்ன?

காப்பி வியன்னாவுக்கு எப்படி வந்தது? அங்கே குழந்தைகளுக்குக்கூட ஒரு கதை தெரியும்.

1683-ம் ஆண்டு. துருக்கிப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. இரண்டு மாதம் நகரம் பட்டினி கிடந்தது. கடைசியில் போலந்து மன்னர் ஸோபியஸ்கி படையோடு வந்தார். துருக்கியர் கூடாரங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். கூடாரங்களில் மூட்டை மூட்டையாக ஏதோ கொட்டைகள் கிடந்தன. ‘ஒட்டகத் தீனி’ என்று எண்ணி ஜனங்கள் அதை எரிக்கப் போனார்கள். கோல்ஷிட்ஸ்கி என்ற ஒற்றன் மட்டும், ‘‘எரிக்காதீர்கள், எனக்குக் கொடுங்கள்’’ என்றான். அவன்தான் முதல் காப்பிக் கடையைத் திறந்தான்!

நல்ல கதை. ஆனால், கதை மட்டும்தான். வியன்னாவில் காப்பி விற்கும் உரிமையை 1685-ல் முதன்முதலாகப் பெற்றவர் யோஹன்னஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனிய வியாபாரி. ஆனாலும் கோல்ஷிட்ஸ்கிக்குத்தான் சிலை வைத்திருக்கிறார்கள். கதைக்கு இருக்கிற மவுசு உண்மைக்கு எங்கே இருக்கிறது?

காப்பிக் கடையே விலாசம்

1876-ல் திறந்த ‘கபே சென்ட்ரல்’ என்ற கடை உலகப் புகழ் பெற்றது. பீட்டர் ஆல்டன்பெர்க் என்ற எழுத்தாளர் அங்கேயே பழியாகக் கிடப்பார். தமக்கு வரும் கடிதங்களையும் அந்தக் கடை விலாசத்துக்கே வரவழைத்தார். இன்றும் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் மேஜை முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார், பொம்மையாக!

அதே கடையில் மூக்குக் கண்ணாடி போட்ட ரஷியர் ஒருவரும் சதுரங்கம் ஆடுவார். உண்மைப் பெயர் பிரான்ஸ்டைன். 1907 முதல் 1914 வரை வியன்னாவில் வாழ்ந்தார். ‘‘யுத்தம் வந்தால் ரஷியாவில் புரட்சி வெடிக்கும்’’ என்று யாரோ எச்சரித்தபோது, ஆஸ்திரிய மந்திரி ஒருவர் சிரித்தாராம். ‘‘யார் புரட்சி செய்யப்போவது? கபே சென்ட்ரலில் சதுரங்கம் ஆடுகிறாரே, அந்தப் பிரான்ஸ்டைனா?’’ என்று கேட்டாராம். பிரான்ஸ்டைனின் இன்னொரு பெயர் டிராட்ஸ்கி. 1917-ல் ரஷியப் புரட்சியை லெனினோடு சேர்ந்து நடத்தியவர் அவர்தான்.

மனிதர்கள் ஏன் இப்படிக் காப்பிக் கடையில் குடியிருந்தார்கள்? ரசனை மட்டும் காரணம் அல்ல. வீட்டில் இடம் இல்லை. குளிர்காலத்தில் கணப்புக்குக் கரி வாங்கக் காசு இல்லை. காப்பிக் கடையில் வெளிச்சம் உண்டு, சூடு உண்டு, பேச்சுத் துணை உண்டு. ஒரு கப் காப்பியின் விலையில் இத்தனையும் கிடைத்தன. காப்பிக்கு என்று கொடுத்த காசு, உண்மையில் நாற்காலிக்கு வாடகை!

2011-ல் இந்தக் காப்பிக் கடைப் பழக்கத்தை ஆஸ்திரியா தன் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. பேர்பெற்ற கடைகளின் வாசலில் இப்போது வெளிநாட்டார் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே நாள் முழுவதும் நிம்மதியாக உட்காருவது கஷ்டம்தான். உள்ளூர்க்காரர்கள் புத்திசாலிகள். அவர்கள் தெருமுனைக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மலையில் இருந்து வரும் தண்ணீர்

இப்போது அந்தத் தம்ளர் தண்ணீருக்கு வருவோம்.

19-ம் நூற்றாண்டில் வியன்னாவின் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. காலராவும் டைபாய்டு காய்ச்சலும் ஜனங்களை வாரிக்கொண்டு போயின. அப்போது எட்வர்ட் சூயஸ் என்ற பூகர்ப்ப நிபுணர் ஒரு யோசனை சொன்னார். ‘‘பக்கத்தில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. அதன் ஊற்றுத் தண்ணீரை நேராக ஊருக்குக் கொண்டுவருவோம்’’ என்றார்.

‘பக்கத்தில்’ என்றால் எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 90 கிலோ மீட்டருக்குக் குகையும் பாலமும் வாய்க்காலுமாகக் கட்ட வேண்டும்! பலர் நகைத்தார்கள். ஆனாலும் கட்டி முடித்தார்கள். 1873-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஊரின் நடுவில் ஒரு நீரூற்றைத் திறந்தார்கள். மலைத் தண்ணீர் ஆகாயத்தை நோக்கிப் பீறிட்டது. அந்த நீரூற்று இன்றும் அங்கே இருக்கிறது.

1910-ல் இன்னொரு வாய்க்கால் வந்தது. அதன் நீளம் 180 கிலோ மீட்டர். அதில் மலையில் புறப்படும் தண்ணீர் ஊர் வந்து சேர ஒன்றரை நாள் ஆகிறது. இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் பம்பு வைத்து இழுக்காமல், மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி வருகிறது. வியன்னாவில் குழாயைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலை ஊற்று! ஏழைக்கும் அதுதான், பணக்காரனுக்கும் அதுதான்.

இந்தச் சூயஸ் நமக்கும் ஒருவகையில் வேண்டியவர். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் முன்னொரு காலத்தில் ஒட்டி இருந்த பெரும் நிலத்துக்கு, நம் மத்திய இந்தியாவின் கோண்டுகள் வாழும் பகுதியின் பெயரை எடுத்து, ‘கோண்டுவானா நிலம்’ என்று பெயர் சூட்டியவர் அவர்தான்.

படுக்கைக்கு வாடகை

தண்ணீர் ஊருக்கு வந்தது. ஆனால், ஏழையின் வீட்டுக்குள் வரவில்லை.

அந்தக் காலத்தில் வியன்னாவின் தொழிலாளர்கள் ஒண்டுக் குடித்தனங்களில் வசித்தார்கள். மாடிக்கு ஒரு குழாய். அது நடைபாதையில் இருக்கும். கக்கூசும் பொது. குழாயடியில் பெண்கள் கூடினால் ஊர் வம்பு முழுவதும் அங்கே அலசப்படும். ‘குழாயடிப் பேச்சு’ என்றால் வியன்னாவிலும் வம்புப் பேச்சுதான்!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வீடே இல்லாதவர்கள் படுக்கையை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பார்கள். இரவு வேலைக்குப் போன தொழிலாளி காலையில் வந்து படுப்பான். அவன் படுக்கும் கட்டிலில் இருந்து அப்போதுதான் இன்னொருவன் எழுந்து போயிருப்பான். படுக்கையின் சூடு ஆறுவதே இல்லை.

1919-ல் நகரசபை சமதர்மக் கட்சியின் கைக்கு வந்தது. அவர்கள் வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி போட்டார்கள். பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சிறிய வீட்டுக்குச் சிறிய வரி. பந்தயக் குதிரை வைத்திருந்தால் வரி. வேலைக்காரர் பலர் இருந்தால் வரி. ஷாம்பேன் குடித்தாலும் வரி! அந்தப் பணத்தில் 1934-க்குள் 60 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் எழுந்தன.

அவற்றில் பேர்போனது ‘கார்ல் மார்க்ஸ் ஹோப்’. 1930-ல் திறந்தது. ஒரே கட்டிடம், நீளம் ஒரு கிலோ மீட்டருக்கு மேல்! ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடக்கக் கால் மணி நேரம் ஆகும். 1,382 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழாய். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கக்கூசு. துணி துவைக்கக் கூடம், குளிக்கும் கூடம், குழந்தைகள் பள்ளி, நூல் நிலையம் எல்லாம் உள்ளேயே. மொத்த நிலத்தில் கட்டிடம் நின்றது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எல்லாம் மரமும் புல்லும், பிள்ளைகள் விளையாடும் முற்றமும்.

1934 பிப்ரவரியில் நாட்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அரசாங்கப் படை இந்தக் கட்டிடத்தின் மீதே பீரங்கியால் சுட்டது. சுவர்களில் ஓட்டை விழுந்தது. நகரசபை ஆட்சி கலைக்கப்பட்டது. கட்டிடத்தின் பெயரையும் மாற்றினார்கள். 1945-க்குப் பிறகுதான் பழைய பெயர் திரும்பி வந்தது.

கட்டிடம் இன்றும் இருக்கிறது. ஜனங்கள் குடியிருக்கிறார்கள். இன்று வியன்னா நகரசபைக்குச் சொந்தமாக 2 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் உண்டு. ஏறக்குறைய 5 லட்சம் பேர் அவற்றில் வாழ்கிறார்கள். ‘‘வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ’’ என்ற பயம் அவர்களுக்கு இல்லை. உல்லாசம் என்றால் பாட்டும் கூத்தும் மட்டுமா? இதுவும் ஓர் உல்லாசம்தான்!

அரசர் திறந்த கதவு

வீட்டை விட்டு வெளியே வருவோம். ஞாயிற்றுக்கிழமை. வெயில் அடிக்கிறது. வியன்னாக்காரர் எங்கே போவார்? பிராட்டர் தோட்டத்துக்குப் போவார்.

பிராட்டர் முன்பு அரச குடும்பம் வேட்டையாடிய காடு. 1766-ல் இரண்டாம் ஜோசப் மன்னர் அதைப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார். பிரபுக்கள் முணுமுணுத்தார்கள். மன்னர் அசரவில்லை. 1775-ல் ஔகார்டன் என்ற இன்னோர் அரச தோட்டத்தையும் திறந்துவிட்டார். அதன் வாசலில் எழுதி வைத்தார். ‘மனிதர் எல்லோருக்கும் உரிய இன்பச் சோலை, அவர்களை மதிப்பவன் அளித்தது’ என்பது அந்த வாசகத்தின் பொருள். எழுத்து இன்றும் வாசலில் இருக்கிறது.

ஒரு பிரபு வந்து புலம்பினாராம். ‘‘கண்டவர்களும் உள்ளே வருகிறார்கள். நம் அந்தஸ்துக்குச் சமமானவர்களோடு உலாவ இடம் இல்லையே’’ என்றாராம்.

மன்னர் சொன்ன பதில் இதுதான்: ‘‘எனக்குச் சமமானவர்களோடு மட்டும்தான் உலாவுவேன் என்றால், நான் கல்லறைக்குள் அல்லவா போய் உலாவ வேண்டும்?’’

ராஜ குடும்பத்தார் புதைக்கப்பட்ட நிலவறையைத்தான் அவர் சொன்னார். அங்கே அவருடைய தாய் மரியா தெரஸா ராணியின் சவப்பெட்டியைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஓர் அறை அளவு பெரியது. சுற்றிலும் சிற்பங்கள். அதன் காலடியில் ஒரு சாதாரணச் செப்புப் பெட்டி இருக்கிறது. வேலைப்பாடு எதுவும் இல்லை. அதற்குள்தான் ஜோசப் தூங்குகிறார்.

பிராட்டரில் ஒரு ராட்சத ராட்டினம் உண்டு. 1897-ல் வால்டர் பாசெட் என்ற ஆங்கிலேயே என்ஜினீயர் அமைத்தது. உயரம் ஏறக்குறைய 65 மீட்டர். ரெயில் பெட்டி போன்ற மரப் பெட்டிகள் அதில் தொங்குகின்றன. மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றும். உச்சிக்குப் போனால் வியன்னா முழுவதும் உள்ளங்கையில் தெரியும். 1916-ல் இதை இடித்துவிட அனுமதி கொடுத்தார்கள். இடிக்கப் பணம் இல்லாததால் பிழைத்தது! பிறகு எட்வர்ட் ஸ்டைனர் என்ற வியாபாரி இதை வாங்கினார். அவரும் இதை இடிக்காமல் ஓடவிட்டார்.

அந்த ஸ்டைனரின் கதி என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமல் வியன்னாவைப் பற்றி எழுத முடியாது.

‘எழுந்திரு!’

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யாரும் எதிர்த்துச் சுடவில்லை. அரண்மனை மைதானத்தில் பெருங்கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது.

அப்போது வியன்னாவில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் யூதர். டாக்டர்கள், வக்கீல்கள், பாட்டு வித்துவான்கள், எழுத்தாளர்கள், காப்பிக் கடை முதலாளிகள், காப்பிக் கடையில் நாள் முழுவதும் உட்கார்ந்து பேசியவர்கள் என்று எங்கும் அவர்கள் இருந்தார்கள்.

சில நாட்களில் எல்லாம் தலைகீழாயிற்று. கௌரவமாக வாழ்ந்த கிழவர்களையும் பெண்களையும் தெருவில் மண்டியிட வைத்துத் தரையைத் தேய்க்கச் சொன்னார்கள். சுற்றி நின்று சிரித்தவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள்!

காப்பிக் கடைகளில் யூதருக்கு இடம் இல்லை என்றார்கள். பூங்காவில் நுழையக் கூடாது, பெஞ்சில் உட்காரக் கூடாது என்றார்கள். ‘மனிதர் எல்லோருக்கும்’ என்று எழுதிய ஔகார்டன் வாசலும் அவர்களுக்கு மூடியது. ‘எழுந்திரு’ என்று சொல்லாத ஊர், அன்று சொன்னது.

மனோதத்துவ நிபுணர் பிராய்டு ‘லாண்ட்மன்’ காப்பிக் கடைக்குப் போவார். அவருக்கு அப்போது 82 வயது. 1938 ஜூன் மாதம் ஊரைவிட்டு லண்டனுக்குப் போனார். மறு ஆண்டு அங்கேயே இறந்தார். வியன்னாவில் தங்கிவிட்ட அவருடைய சகோதரிகள் நால்வரும் நாஜிகளால் மாண்டார்கள். ராட்டினத்தின் சொந்தக்காரர் ஸ்டைனரிடம் இருந்து ராட்டினத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1944-ல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அவர் கொல்லப்பட்டார்.

ஆஸ்திரிய யூதர்களில் கொல்லப்பட்டவர்கள் 65 ஆயிரம் பேர் இருக்கும் என்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகும் ஆஸ்திரியா, ‘‘நாங்களே ஹிட்லருக்கு முதல் பலி’’ என்று சொல்லிக்கொண்டு காலம் தள்ளியது. 1991-ல்தான் பிரதமர் பிரானிட்ஸ்கி, ‘‘எங்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு’’ என்று பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். 2021-ல் வியன்னாவில் வட்டமாகக் கல்சுவர்கள் எழுப்பினார்கள். அவற்றில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பூங்காவில்தான் அந்தச் சுவர்கள் நிற்கின்றன. இப்போது யார் வேண்டுமானாலும் அங்கே போய் உட்காரலாம்.

ஔகார்டன் தோட்டத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. மரங்களுக்கு நடுவே இரண்டு கறுத்த கான்கிரீட் கோபுரங்கள் நிற்கின்றன. விமானங்களைச் சுட ஹிட்லர் ஆட்சி கட்டியவை. சுவர் அத்தனை கனம். வெடி வைத்துத் தகர்த்தால் பக்கத்து வீடுகளும் சேர்ந்து விழும். அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். அவற்றின் நிழலில் குழந்தைகள் பந்து ஆடுகிறார்கள். ஊரின் வேறொரு பக்கத்தில் உள்ள இதே மாதிரிக் கோபுரத்தை மீன் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். பீரங்கிக் கோட்டைக்குள் இப்போது சுறா நீந்துகிறது!

பட்டினியில் பாட்டு

1945 மார்ச் 12-ந் தேதி. வியன்னாவின் பெரிய ஓப்பரா அரங்கத்தின் மீது குண்டு விழுந்தது. ஓப்பரா என்பது பாட்டு நாடகம். வசனத்தையும் பாடியே சொல்வார்கள். வியன்னாக்காரருக்கு அது உயிர். அரங்கம் எரிந்து கூடாக நின்றது.

அடுத்த மாதம் ஸ்டீபன் மாதா கோவிலும் தீப்பிடித்தது. துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711-ல் வார்த்த பெரிய மணி, கீழே விழுந்து நொறுங்கியது.

ஏப்ரல் 13-ந் தேதி வியன்னாவில் சண்டை ஓய்ந்தது. ஊரில் சாப்பாடு இல்லை. ரஷிய ராணுவம் கொடுத்த காய்ந்த பட்டாணியை வேகவைத்துத் தின்றார்கள். அதிலும் புழு.

அந்த நிலையில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சண்டை ஓய்ந்து இரண்டு வாரம் ஆனதும், ஏப்ரல் 27-ல், வியன்னாவின் பெரிய வாத்தியக் குழு கச்சேரி நடத்தியது. மே 1-ந் தேதி, எரியாமல் தப்பிய வேறோர் அரங்கத்தில் மொஸார்ட்டின் ‘பிகாரோ’ ஓப்பரா நடந்தது. வயிறு காய்ந்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்!

அதற்குப் பின் பத்து ஆண்டுகள் அமெரிக்கா, ரஷியா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு நாட்டுப் படைகளும் ஊரைப் பங்கு போட்டு ஆண்டன. ஒரே ஜீப்பில் நான்கு நாட்டுச் சிப்பாய்களும் சேர்ந்து ரோந்து வருவார்கள். 1955-ல்தான் ஆஸ்திரியாவுக்கு முழு விடுதலை கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 5-ந் தேதி ஓப்பரா அரங்கம் மறுபடியும் திறந்தது. முதல் நாள் நடந்தது பீத்தோவனின் ‘பிடெலியோ’. சிறையில் அடைபட்டவன் விடுதலை ஆகும் கதை! நொறுங்கிய மணியின் உலோகத்தையே மறுபடி உருக்கிப் புது மணி வார்த்து, 1952-ல் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றும் புத்தாண்டு பிறப்பதை அந்த மணிதான் வியன்னாவுக்குச் சொல்கிறது.

நின்று பார்க்கிறவர்கள்

ஓப்பரா அரங்கில் நல்ல நாற்காலி ஒன்றின் விலை 200 யூரோவைத் தாண்டும். நம் பணத்தில் ஒரு மாதக் குடும்பச் செலவு! ஆனால், அதே அரங்கில் 400-க்கும் மேற்பட்டவர்கள் நின்று பார்க்க இடம் உண்டு. அதன் விலை மிகக் குறைவு. முன்பெல்லாம் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவார்கள். உள்ளே ஓடிப்போய்த் தங்கள் கழுத்துத் துண்டைக் கம்பியில் கட்டிவிடுவார்கள். துண்டு கட்டிய இடம் அவர்களுடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

இந்த நின்று பார்க்கும் கூட்டத்தைக் கண்டுதான் பாடகர்களுக்குப் பயம். நாற்காலிக்காரர் தூங்கலாம். நிற்கிறவர் தூங்கமாட்டார். ஒரு சுரம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். வியன்னா ஓப்பராவின் உண்மையான நீதிபதிகள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

இந்த அரங்கம் முதன்முதலில் 1869-ல் திறந்தது. கட்டும்போதே ஜனங்கள் ‘மண்ணில் புதைந்த பெட்டி’ என்று கேலி செய்தார்கள். கட்டிய சிற்பிகள் இருவர். ஒருவர் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவரும் சில வாரங்களில் நோயில் இறந்தார். திறப்பு விழாவைப் பார்க்க இருவரும் இல்லை. பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தியும் குறை சொன்னவர்களில் ஒருவர் என்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் எதைக் காட்டினாலும், ‘‘மிக அழகு, மிக்க மகிழ்ச்சி’’ என்று மட்டுமே சொல்வாராம்!

கேக்குக்கு ஒரு கோர்ட்டு வழக்கு

வியன்னாக்காரர்கள் இனிப்புப் பிரியர்கள். 1832-ல் பிரான்ஸ் ஸாக்கர் என்ற 16 வயதுப் பையன் ஒரு சாக்லேட் கேக் செய்தான். அது இன்று உலகப் பிரசித்தம். ஸாக்கர் ஓட்டலும் டெமெல் மிட்டாய்க் கடையும், ‘‘எங்கள் கேக்தான் அசல்’’ என்று பல ஆண்டுகள் கோர்ட்டில் சண்டை போட்டன. கேக்கின் நடுவில் ஜாம் தடவுவதா, மேலே மட்டும் தடவுவதா என்பதுகூட வழக்கில் அடிபட்டது! 1963-ல் சமரசம் ஆயிற்று. ‘அசல்’ என்ற சொல் ஓட்டலுக்குப் போயிற்று. ருசியில் எது உயர்ந்தது என்பதை ஜனங்கள் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

காசு செலவில்லாத இடமும் உண்டு. வெள்ளத்தைத் தடுக்க 1972 முதல் 1988 வரை டான்யூபுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கால்வாய் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டியதில் 21 கிலோ மீட்டர் நீளத் தீவு ஒன்று உருவாயிற்று. 2013-ல் பெரிய வெள்ளம் வந்தபோது கால்வாய் ஊரைக் காத்தது. மற்ற நாட்களில் அந்தத் தீவில் குளிக்கலாம், சைக்கிள் விடலாம், புல்லில் படுத்து உறங்கலாம். வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

71-ம் நம்பர் டிராம்

கடைசியாக ஓர் இடம். 71-ம் நம்பர் டிராம் அங்கே போகிறது. வியன்னாவில் ஒருவர் காலமானால், ‘‘அவர் 71-ல் ஏறிவிட்டார்’’ என்பார்கள். டிராம் போய் நிற்பது பெரிய கல்லறைத் தோட்டத்தில்!

1874-ல் திறந்த தோட்டம் அது. 30 லட்சம் பேருக்கு மேல் அங்கே அடங்கியிருக்கிறார்கள். ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிட அது அதிகம். உள்ளே போய்வரத் தனி பஸ் உண்டு. பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோர் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக உறங்குகிறார்கள். அவர்கள் நடுவில் மொஸார்ட்டுக்கும் ஒரு சின்னம் உண்டு. ஆனால், அவர் உடல் அங்கே இல்லை. 1791-ல் அவரை வேறொரு கல்லறைத் தோட்டத்தில் அடையாளம் வைக்காமல் புதைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இங்கே வருகிறார்கள். அழுவதற்கு அல்ல. மரத்தடியில் நடக்க, பெஞ்சில் உட்கார. சில வேளை மான்கள் கல்லறைகளின் நடுவே மேயும். யூதர்களுக்கென்று இருந்த பழைய பகுதியில் கொடி படர்ந்துவிட்டது. கல்லறைகள் பல சாய்ந்து கிடக்கின்றன. துடைத்துவைக்கப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மிஞ்சவில்லை.

அங்கிருந்து திரும்பும் டிராமில் ஏறி ஊருக்குள் வந்தால், மறுபடியும் காப்பிக் கடைதான். சட்டத்தில் கோத்த பத்திரிகை. வெள்ளித் தட்டு. ஆல்ப்ஸ் மலையில் இருந்து ஒன்றரை நாள் நடந்து வந்த தண்ணீர், ஒரு தம்ளர்.